முதலாளிக்கு ஒரு பொழுதுபோக்கு

அறுபத்தொரு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, தனக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்றுமே கிடையாது என்பதைத் திருஞானசம்பந்தம் கண்டுபிடித்தார்.

சாதாரண ஆளாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அவரோ சம்பந்தம் சில்க்ஸ் பிரைவேட் லிமிடெட்டின் மேனேஜிங் டைரக்டர். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் இரண்டு மாடிக் கடை. சென்னையில் ஒரு கிளை. பிள்ளையார்பாளையத்தில் அவருக்காக ஓடும் தறிகள் அறுபது. போன வருடம் வரை அவர் வெறும் முதலாளிதான். சென்னைக் கிளையைப் பார்த்துக்கொள்ளும் மகன் தினேஷ்தான் ஆடிட்டரைப் பிடித்து, பத்து இடத்தில் கையெழுத்து வாங்கி, அப்பாவை மேனேஜிங் டைரக்டர் ஆக்கினான். வேலை என்னவோ அதேதான். நாற்காலி மட்டும் இப்போது சுற்றுகிறது.

கம்பெனி என்றால் வெப்சைட் வேண்டுமாம். வெப்சைட் என்றால் அதில் ‘எங்கள் தலைவர்’ என்று ஒரு பக்கம் வேண்டுமாம். தொழிலுக்கு வெளியே அவர் எப்படிப்பட்ட மனிதர், அவருக்கு என்னென்ன பிடிக்கும், எந்தக் கொள்கையை விட்டுக்கொடுக்க மாட்டார் என்றெல்லாம் வாடிக்கையாளர்கள் தெரிந்துகொள்ளத் துடிக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை வந்த தினேஷ் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆறு கேள்விகள் அச்சில். ஏழாவது கேள்வி மட்டும் அடியில் நீல மையில், உருண்டை உருண்டையான கையெழுத்தில்: ‘வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு என்ன? சமைப்பீர்களா?’

சம்பந்தம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதலிலிருந்து பார்த்தார். மூன்றாவது கேள்வியில் வண்டி நின்றுவிட்டது.

“வேணி! எனக்கு இன்னா புடிக்கும்?”

“கேசரி,” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

“தின்றது இல்லமா. பொழுதுபோக்கு.”

“தூக்கம்.”

“அத கம்பெனி வெப்சைட்ல போட முடியுமா?”

“அப்ப கண்ணாடி தேடறதுன்னு போடுங்க. தெனமும் அரை மணி நேரம் தேடறீங்க. அதுவும் நெத்திமேல வெச்சிக்கினு.”

“ஏன், நான் பாட்டு கேக்கறதில்ல?”

“கேப்பீங்க. பக்கத்து வீட்டுல போட்டா, நிறுத்துவீங்களா மாட்டீங்களான்னு கேப்பீங்க.”

“புக்கு?”

“பஞ்சாங்கம். அதுலயும் உங்க ராசி இருக்கற பக்கம் மட்டும்.”

அவர் மனைவி அம்சவேணி கோபமாகப் பேசுகிறவள் அல்ல. இத்தனையையும் காப்பித் தம்ளரைக் கையில் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே, சிரித்த முகமாகத்தான் சொன்னாள். தம்ளர் அவர் கைக்குப் போனதும், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். அவள் அப்படி நின்றால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

“ஏங்க... அடுத்த வீட்டு பெரியநாயகி வண்டி பேசியிருக்கறாளாம். அடுத்த வாரம் வெள்ளிக்கெழம கெளம்பறாங்க. எட்டு நாளு. திருத்தணில ஆரம்பிச்சு ஆறு படை வீடும். ஒரு சீட்டு இருக்குதாம்.”

“இருக்கட்டுமே.”

“நான் போயிட்டு வரட்டுமா?”

“நீ போயிட்டா எனக்கு யாரு காப்பி போடுவாங்க?”

இந்த இடத்தில் ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் சம்பந்தத்துக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. ஒரு ராத்திரி டாக்டர்களே உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ‘இவரைப் பிழைக்க வை முருகா, உன் ஆறு வீட்டுக்கும் வந்து தீபம் ஏற்றுகிறேன்’ என்று அம்சவேணி வேண்டிக்கொண்டாள். முருகன் மறுநாள் காலையிலேயே தன் பங்கை முடித்துவிட்டான். வேண்டுதலைச் செலுத்த விடாமல் ஆறு வருடமாகக் குறுக்கே நிற்கிறவர், பிழைத்து எழுந்த அதே ஆள்தான்.

“டாக்டரு ஓட்டல் சாப்பாடு கூடாதுன்னு சொல்லியிருக்கறாரு. அந்த அடுப்ப எந்தப் பக்கம் திருப்பணும்னு கூட எனக்குத் தெரியாது,” என்றார் சம்பந்தம், ஏதோ கல்லூரியில் பட்டம் வாங்கியவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“சரிங்க,” என்றாள் அம்சவேணி. பூஜை அறைக்குப் போய் விளக்குக்கு எண்ணெய் விட்டாள்.

அந்தச் ‘சரிங்க’வைத் தனக்குக் கிடைத்த வெற்றி என்று அவர் எழுதிக்கொண்டார். முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்குப் புரியாத ஒரே வார்த்தை அது.

கடைக்குப் போனதும், சுற்றும் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்க்கடை கதிர்வேலின் வெப்சைட்டை செல்போனில் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. தினமும் அதிகாலை ஆறு கிலோமீட்டர் ஓட்டம், ஓய்வு நேரத்தில் புல்லாங்குழல், விடுமுறை நாட்களில் தாமல் ஏரிக்கரையில் பறவைகளைப் பார்ப்பது என்று கதிர்வேல் அடுக்கியிருந்தார். பக்கத்தில் புன்சிரிப்போடு ஒரு படம் வேறு.

“கதிர்வேலு பறவைய பாக்கறானா?” சம்பந்தம் மேனேஜர் வீரபத்திரனிடம் பொருமினார். “அவன் பறவைய தட்டுலதான்பா பாத்திருக்கான்!”

வீரபத்திரன் இருபது வருடமாக அவரிடம் வேலை பார்ப்பவர். எதற்குச் சிரிக்க வேண்டும், எதற்குக் கூடாது என்று தெரிந்தவர். இதற்குச் சிரித்தார்.

“பேனாவ எடு. எழுதிக்கோ. காலைல எழுந்திருக்கறது நாலரை மணி.”

“முதலாளி, நேத்து ஒம்பதுக்கு போன் பண்ணப்போ தூங்கறீங்கன்னு அம்மா சொன்னாங்களே.”

“அது நேத்து. எழுது. கைலாசநாதர் கோயில் வரைக்கும் வேக நடை. வந்து தோட்ட வேலை.”

“தோட்டம்...?”

“துளசிச் செடி இருக்குதில்ல? அப்புறம் இந்த ஏழாவது கேள்வி. கதிர்வேலு இதுக்கு பதிலே போடல, பாத்தியா? இங்கதான் அவன அடிக்கணும். எழுது: ஞாயிறுதோறும் வீட்டில் நானே என் கையால் குடலை இட்லி செய்வேன். அதுவும் பத்தே நிமிடத்தில்.”

குடலை இட்லி காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, நெய் விட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றி மாவை ஊற்றி அவிக்கும் ஆளுயர இட்லி. ஆளுயரம் என்பது கொஞ்சம் அதிகம். முழ உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்னும் விஷயத்தில் சம்பந்தம் அதில் நிபுணர்.

“கொள்கை இன்னான்னு கேட்டிருக்குது முதலாளி.”

சம்பந்தம் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். தெரு தெரிந்தது, சுவர் தெரிந்தது, பிள்ளையார் படம் தெரிந்தது. திரும்பி வந்தபோது கொள்கை கிடைத்துவிட்டது.

“பெண்களுக்குச் சம உரிமை. என் மனைவிக்கு முழுச் சுதந்திரம். அவர் எந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டாலும் ஒரு நாளும் நான் தடுத்ததில்லை.”

வீரபத்திரனின் பேனா நின்றது. அவர் மனைவியும் முதலாளி வீடு இருக்கும் அதே பிள்ளையார்பாளையத்தில்தான் இருக்கிறாள்; அம்சவேணியின் ஆறு வருடக் கதை அவளுக்குத் தெரியும்.

“முதலாளி, இது...”

“எழுதுபா. இன்டர்நெட்ல போட்டத யாரு வந்து வீட்டுல செக் பண்ணப் போறாங்க?”

மறுநாளே வந்தார்கள்.

வந்தவள் திரிஷா. செவிலிமேட்டில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்து, கடைகளுக்கு வெப்சைட்டும் வீடியோவும் செய்து கொடுக்கும் பெண். தோளில் கேமரா, கையில் அவர் பதில்கள். கண்ணெல்லாம் பிரகாசம்.

“சார், செம்ம சார்! எல்லாரும் கோல்ஃபு, மராத்தான்னு அளந்து விடுவாங்க. நீங்க இட்லின்னு போட்டிருக்கீங்க. மனசத் தொட்டுட்டீங்க சார். ஆனா ஒரு டவுட்டு. பத்து நிமிஷமா? எங்கம்மா செஞ்சா மூணு மணி நேரம் வேகும் சார்.”

“அது வந்துமா... அது பழைய முறை.”

“அந்தப் புது முறையத்தான் சார் வீடியோ எடுக்கப் போறேன்! அடுத்த புதன்கெழம காலைல உங்க வீட்டுல. நீங்க அடுப்பப் பத்த வெக்கறதுலேர்ந்து ஆரம்பிக்கறோம். காப்பி, அப்புறம் இட்லி. எடிட்டிங்கே இல்லாம. இல்லன்னா கை வேற யாரோடதோன்னு கமெண்ட் போடுவாங்க சார்.”

அன்று சாயந்திரம் சம்பந்தம் சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் படியில் உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. அம்சவேணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வேணி, எங்கம்மா மாதிரி நீ.”

“இன்னா ஒடம்புக்கு?”

விஷயத்தைச் சொன்னார். பாதியை விழுங்கி, பாதியைச் சொன்னார். கொள்கையை முழுசாகவே விழுங்கிவிட்டார். “நீ எல்லாத்தையும் செஞ்சி மூடி வெச்சிடு. நான் பக்கத்துல கரண்டியோட நின்னுக்கறேன்.”

“அதெப்படிங்க? எடிட்டிங் இல்லாமன்னு சொன்னா, அடுப்பு பத்த வெக்கறதுலேர்ந்து நீங்கதான செய்யணும்?”

“எடிட்டிங் இல்லன்னு நான் சொன்னனா?”

“இப்பதான் சொன்னீங்க.”

சொன்னோமா? சொல்லியிருப்போம் போல. சம்பந்தம் நெற்றியைத் தடவினார். கண்ணாடி கிடைத்தது.

“ஒரு வாரம் இருக்குது இல்ல,” என்றாள் அம்சவேணி. “நான் சொல்லித் தரேன். நாலு பேரு பாக்கறதுல நீங்க தல குனியக் கூடாது.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “உனக்கு இன்னா வேணும் கேளு வேணி.”

“எனக்கு இன்னாங்க வேணும்? நீங்க நல்லா இருந்தா போதும்.”

வியாழக்கிழமை காலை பாடம் தொடங்கியது. அடுப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அறுபத்தொரு வயதில் சம்பந்தம் கற்றுக்கொண்டார். முதல் நாள் பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியது. இரண்டாம் நாள் பொங்கி அவர் வேட்டியில் ஓடியது. மூன்றாம் நாள் பொங்கும்போது அவர் ஓடிப்போய் அணைத்தார். நான்காம் நாள் வந்த காப்பியை அம்சவேணி குடித்துவிட்டு, “பரவால்லங்க, காப்பின்னு கண்டுபிடிக்க முடியுது,” என்றாள்.

மாவு அரைக்கும்போது அவருக்குள் இருந்த பட்டுக்காரர் விழித்துக்கொண்டார். ஜரிகையைச் சோதிப்பது போல மாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். “சரியில்ல. கொரகொரன்னு இருக்குது. இன்னும் ஓட விடு.”

“அய்யோ, இது கொரகொரன்னுதாங்க இருக்கணும்! கட்டிக்கறதுக்கா அரைக்கறோம்?”

தினமும் திரிஷாவிடமிருந்து ஒரு போன் வந்தது. தினமும் ஒரு புது ஆசை.

“சார், இட்லி வேகறப்போ பக்கத்து அடுப்புல ஒரு ரசம் கொதிச்சா ஃப்ரேம் நல்லா இருக்கும் சார்.”

ரசம் கற்றுக்கொண்டார்.

“சார், ரசம்னு வந்துட்டா சாதம் வேணும்.”

சாதம் கற்றுக்கொண்டார். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டதற்கு, விரலை விட்டு ஒரு கணு உயரம் என்றாள் அம்சவேணி. எந்த விரல் என்று அவர் எழுதி வைத்துக்கொண்டார்.

“சார், தலைவர் தன் வேட்டிய தானே தோய்ச்சிக்கறாருன்னா எவ்ளோ எளிமையா இருக்கும்!”

வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான் என்று கற்றுக்கொண்டார். மோட்டார் எப்போது போடுவது, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், உப்பு எந்த டப்பாவில், பூஜை அறையில் திரி எவ்வளவு நீளம், எல்லாம் வரிசையாக வந்தது. ஒரு வெப்சைட்டுக்கு இத்தனை வேலையா என்று சம்பந்தம் மலைத்துப் போனார். கதிர்வேல் பறவை பார்த்ததே பரவாயில்லை.

“இதெல்லாமா வீடியோல வரும்?” என்று ஒரு தரம் கேட்டார்.

“வராமலும் போவலாம். தயாரா இருக்கறது நல்லது இல்லீங்களா?” என்றாள் அம்சவேணி.

புதன்கிழமை வந்தது. விடிவதற்குள் சம்பந்தம் குளித்து, திருநீறு பூசி, பட்டுக்கரை வேட்டி கட்டி நின்றார். நாலரை மணிக்கு எழுந்திருப்பதாக எழுதியது அன்று ஒரு நாள் நிஜமாயிற்று. திரிஷா கேமராவைத் தூக்கினாள். அம்சவேணி கேமராவுக்குப் பின்னால் சுவரோரமாக நின்று, உதட்டை அசைக்காமல் முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுப்பு முதல் திருப்பிலேயே பற்றியது. பால் பொங்காமல் காய்ந்தது. ரசம் நுரை கட்டியது. குடலைக்குள் மந்தாரை இலையை அவர் சுற்றிய அழகில், சேலை மடித்த கை என்று தெரிந்தது. பத்து நிமிடம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து மூடியைத் திறந்ததும் மிளகும் நெய்யும் கலந்து எழுந்த வாசனையில், திரிஷாவின் கேமரா கொஞ்சம் ஆடியது.

இட்லியை வெட்டுவதில்தான் வந்தது ஆபத்து. கத்தியை வைத்ததும் அது பிட்டு போல உதிரத் தொடங்கியது. சம்பந்தம் கத்தியைக் கீழே வைத்தார். பட்டுக்காரர்களின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு முழம் நூல் கிடக்கும். பையிலிருந்து சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு நூலை எடுத்தார். இரண்டு கையிலும் சுற்றி, இட்லியின் இடுப்பில் வைத்து, ஒரே இழுப்பு. வில்லை, பளிங்குத் துண்டு போல வந்து விழுந்தது. இன்னொரு இழுப்பு. இன்னொரு வில்லை.

“வாவ் சார்!”

“இத நான் சொல்லித் தரலியே,” என்றாள் அம்சவேணி. முப்பத்தாறு வருடத்தில் சமையலறைக்குள் அவள் ஆச்சரியப்பட்ட முதல் சமயம் அது. சம்பந்தம் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்த ஒரு வாரத்துப் பால், வேட்டி, விரல் கணு எல்லாவற்றுக்கும் அதுவே ஈடாகிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம், அவர் எழுதிய பதில்களோடு வீடியோ வெப்சைட்டில் வந்தது. சாயந்திரத்துக்குள் காந்தி ரோடு முழுவதும் அதையே பார்த்தது. சேலை வாங்க வந்தவர்கள் சேலையை விட்டுவிட்டு, நூல் எங்கே சார் என்று கேட்டார்கள். எதிர்க்கடையில் கதிர்வேல் செல்போனைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பாமலே உள்ளே போனார். சம்பந்தம் நாற்காலியை மூன்று சுற்றுச் சுற்றினார்.

மல்லிகைப்பூவும் கையுமாக வீட்டுக்கு வந்தார். கூடத்தில் ஒரு பெட்டி நின்றது. பெட்டிக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பெரியநாயகி உட்கார்ந்திருந்தாள். கையில் செல்போன். கண்ணில் நீர்.

“அண்ணா! இங்க பாருங்க, ‘என் மனைவிக்கு முழுச் சுதந்திரம். ஒரு நாளும் நான் தடுத்ததில்லை.’ படிச்சதும் அழுதுட்டேன்ணா. இப்படி ஒரு மனுஷன வீட்டுல வெச்சிக்கினு, அவரு விட மாட்டாரு, அவரு விட மாட்டாருன்னு ஆறு வருஷமா எங்கிட்ட சொல்லிக்கினு இருந்திருக்கறா பாருங்க இவ! நல்லா திட்டிட்டேன். நாளைக்கு காலைல அஞ்சு மணிக்கு வண்டி.”

சம்பந்தத்தின் கையிலிருந்து பூ கொஞ்சம் இறங்கியது.

“அது சரிமா... ஆனா எனக்குக் காப்பி...”

பெரியநாயகி செல்போனைத் திருப்பிக் காட்டினாள். அதில் சம்பந்தம் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“இல்ல, மத்தியானத்துக்கு...”

சம்பந்தம் ரசத்துக்குத் தாளித்தார்.

“துணிமணி...”

சம்பந்தம் பொத்தானை அழுத்திவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவருக்கே பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாக் காரணமும் தீர்ந்த பிறகு, மிச்சம் இருந்தது நிஜமான ஒன்றுதான். அதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில், மனைவியைப் பார்த்துச் சொன்னார். “எட்டு நாளு. நான் தனியா எப்படி இருப்பேன் வேணி?”

அம்சவேணி பக்கத்தில் வந்து அவர் கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டாள்.

“ஏங்க, நம்ம ஊருல எந்த சிவன் கோயில்லயாவது அம்பாளுக்குத் தனி சன்னதி இருக்குதா? எல்லாருக்கும் சேத்து ஒரே காமாட்சி, அவ கோயில்ல அவ இருக்கறா. ஏகாம்பரநாதர்லேர்ந்து கைலாசநாதர் வரைக்கும் அத்தினி ஈசுவரனும் அவங்கவங்க எடத்துல தனியாதான இருக்கறாங்க? எனக்குக் காப்பி இல்லன்னு யாராவது ஒருத்தர் அழுதிருக்கறாரா?”

“அவங்களுக்கெல்லாம் குருக்கள் இருக்கறாரு,” என்று முணுமுணுத்தார்.

“உங்களுக்கு வீடியோ இருக்குது. மறந்து போச்சின்னா போட்டு பாத்துக்குங்க.”

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியது. பதினோரு பெண்கள், ஒரே அரோகரா. சம்பந்தம் தெருமுனை வரை கூடவே போய்க் கையை ஆட்டிவிட்டு வந்தார். அடுப்பைப் பற்ற வைத்தார். காப்பி போட்டார். குடித்தார். நன்றாகவே இருந்தது. அதுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது.

தம்ளரைக் கழுவி வைக்கும்போது, உப்பு டப்பாவின் அடியில் ஒரு காகிதம் தெரிந்தது. எந்த நாளைக்கு என்ன சமையல், பால்காரர் எப்போது வருவார், எந்தக் கிழமை விளக்குத் துலக்க வேண்டும் என்று எட்டு நாளுக்கும் எழுதியிருந்தது. நீல மை. உருண்டை உருண்டையான எழுத்து.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே?

பையைத் துழாவித் தினேஷ் கொடுத்த கேள்விக் காகிதத்தை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஏழாவது கேள்வி அவரைப் பார்த்துச் சிரித்தது. முப்பத்தாறு வருடமாக அந்தக் கை மாதாமாதம் மளிகைச் சீட்டு எழுதுகிறது. ஒரு தடவையாவது அதை வாங்கிப் படித்திருந்தால் கையெழுத்து தெரிந்திருக்கும்.

தினேஷுக்குப் போன் போட்டார். “டேய், அந்த ஏழாவது கேள்விய யாருடா எழுதனது?”

“அதுவாப்பா? அம்மாதான். ‘அப்பாவப் பத்தி இன்னும் ரெண்டு நல்ல வார்த்தை வரட்டும்டா’ன்னு சொல்லி அவங்களே எழுதிக் குடுத்தாங்க. ஏன்ப்பா?”

“அந்த திரிஷாவ எங்கடா புடிச்ச?”

“அவங்கம்மா கோயில் வாசல்ல பூ விக்கறவங்க. அம்மா தெனம் அங்கதான வாங்குவாங்க? அம்மாதான் அந்தப் பொண்ணு நம்பர் குடுத்தாங்க. நல்லா பண்ணியிருக்குது இல்ல?”

“ரொம்ப நல்லா பண்ணியிருக்குது,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரமும் ஞாபகம் வந்தது. பூஜை அறைக்குப் போய், திரியைச் சரியான நீளத்துக்குக் கிள்ளி, விளக்கேற்றி, முருகன் படத்தின் முன்னால் நின்றார். “ஆறு வருஷம் லேட்டு பண்ணது நான்தாம்பா. அவ மேல ஒண்ணும் தப்பில்ல,” என்றார்.

சனிக்கிழமை அவராகவே மாவு அரைத்தார். யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குடலையை ஏற்றிவிட்டு, பக்கத்து அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டு, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தார். தெருவெல்லாம் மிளகு வாசனை. தனக்குப் பொழுதுபோக்கு ஒன்று வந்துவிட்டது என்பதை அவர் நம்ப முடியாமல் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“ஏங்க, பழனில இருக்கறோம். நல்ல தரிசனம். உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டேன். மனசு பஞ்சு மாதிரி ஆயிடுச்சி.” குரலே அப்படித்தான் இருந்தது. “நீங்க நல்லா இருக்கீங்களா?”

“எனக்கின்னா? இட்லி வெந்துக்கினு இருக்குது.” கொஞ்சம் கர்வமாகவே சொன்னார்.

“நெனச்சேன். எத்தினி மணிக்கு எறக்குவீங்க?”

“ஒம்பதுக்கு.”

“சரிங்க. நானும் ஒம்பதுன்னுதான் சொன்னேன்.”

“யாருகிட்ட?”

மலைமேல் சிக்னல் போய்விட்டது.

மணி ஒன்பது. சம்பந்தம் குடலையை இறக்கி, இலையைப் பிரித்து, சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தார். வாசலில் மணி அடித்தது. திறந்தார்.

பெரியநாயகியின் வீட்டுக்காரர் நின்றிருந்தார், கையில் டிபன் கேரியர். அவருக்குப் பின்னால் மேனேஜர் வீரபத்திரன், தரையைப் பார்த்துக்கொண்டு, கையில் டிபன் கேரியர். அவருக்குப் பின்னாலும் கேரியர்கள். வண்டியில் அம்சவேணி போக மிச்சம் பத்துப் பெண்கள். வாசலில் பத்துப் பேரும் அவர்களுடைய வீட்டுக்காரர்கள்.

“வீட்டுல சொல்லிட்டு போனாங்க முதலாளி,” என்றார் வீரபத்திரன் மெல்ல. “ஞாயித்துக்கெழமைக்கு ஒண்ணும் பயமில்ல, மேனேஜிங் டைரக்டர் வீட்டுல இட்லின்னு.”

வரிசையின் கடைசியில், வேர்க்க விறுவிறுக்க, ஓட்டத்துக்குப் போடும் ஷூவோடு ஒருவர் நின்றார். எதிர்க்கடை கதிர்வேல்.

“நீயுமா?” என்றார் சம்பந்தம். “இதென்னய்யா கோலம்?”

“ஓடறேன்னு நான்தான் வெப்சைட்ல எழுதினேன். அன்னிலேர்ந்து அஞ்சு மணிக்கு எழுப்பி விட்டுடறா. ஊருக்குப் போயும் போன்ல எழுப்பறா,” என்று மூச்சு வாங்கினார் கதிர்வேல். பிறகு சம்பந்தத்தின் தோளுக்கு மேலாகச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“இருக்கட்டும். வீடியோல பக்கத்து அடுப்புல கொதிச்சிதே ஒரு ரசம், அது மத்தியானத்துக்குத்தான?”